தேதியோடு

மூன்று நாளாகவே சர்வர் சரியில்லை.
திறந்தால் வெள்ளைத் திரை.
மறுபடி திறந்தால் பாதிப் பக்கம்,
அதன் கீழே ஐநூற்று இரண்டு என்றொரு எண்.
நடத்துகிறவர்களுக்கு எழுதிய கடிதம்
அப்படியொரு முகவரியே இல்லையென்று திரும்பி வந்தது.

பதின்மூன்று வருஷம் அங்கே எழுதியிருக்கிறேன்.
யாருக்கும் காட்டாத நாட்குறிப்பு,
யாருடையதென்றே தெரியாத கம்ப்யூட்டரில்.
எந்த ஊரில் இருக்கிறது அந்தப் பெட்டி?
அங்கே மின்வெட்டு உண்டா?
வாடகை பாக்கியா?
இத்தனை வருஷம் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டு இணைப்பை நம்ப முடியாது.
இரவு ஒன்பதரைக்குப் புதுவயல் மில் ஆபீசைத் திறந்தேன்.
இங்கே ஜெனரேட்டர் உண்டு,
நெல் அவியும் வாசம் உண்டு,
மேஜைமேல், கீபோர்டுமேல், என் கண்ணாடிமேல்
விரலால் பெயர் எழுதும் அளவுக்கு
உமிச்சாம்பல் உண்டு.

மாதம் மாதமாக இறக்குகிறேன்.
மொத்தமாகக் கேட்டால் அதற்கு மூச்சு வாங்குகிறது.
ஒவ்வொன்றாகக் கேட்டால் தருகிறது,
மனசில்லாமல் தவணை கட்டுகிறவனைப் போல.
சைக்கிள் தொலைந்த வாரம் வந்தது.
முதல் சம்பள உயர்வு,
கொப்புடையம்மன் தேரில் செருப்பு அறுந்தது,
யாரோ ஒரு ராசாத்தி (யார்?) கல்யாணம்,
எல்லாம் வந்தது.

பாய்லர் சவரிமுத்து டீத்தூக்கோடு எட்டிப் பார்த்தார்.
"என்ன கணக்கு, இந்நேரத்துல என்ன இறக்குறீக?"
"டைரி."
"லோடு எவ்வளவு?"
"பதிமூணு வருஷம்."
"எடை போட்டாச்சா?" என்றுவிட்டு
டீயை வைத்துப் போனார்.

எடை: நூற்றுப் பதினோரு எம்.பி.
கட்டைவிரல் நகத்தளவு பென்டிரைவில்
ஒரு மூலைகூட நிறையாது.

இரண்டாயிரத்துப் பதினாறு ஜூன் மட்டும் வரவில்லை.
மே வந்தது. ஜூலை வந்தது.
நடுவில் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த ஜூனில்தான் வள்ளிக்கண்ணு
காரைக்குடியில் ரயிலேறிக் கல்லலுக்குப் போனாள்,
இனி வரமாட்டேன் என்று.
தொண்ணூற்றிரண்டு நாள் கழித்து வந்தாள்.
அதன்பிறகு எந்தச் சண்டையிலும்
கடைசி வார்த்தை என்னுடையது:
"அன்னைக்கு நீ என்னென்ன சொன்னேன்னு
தேதியோட எழுதி வச்சிருக்கேன்."
அவள் வாயடைத்துப் போவாள்.

இன்றிரவு அது போனால்
என் ஒரே சாட்சி போச்சு.
பன்னிரண்டு மணி. ஒன்று. ஒன்றேகால்.
நீராவியைத் திறந்துவிட்டார்கள்,
ஜன்னல் வியர்த்தது.

மூன்று நாற்பதுக்கு வந்தது.

"ஜூன் 14. வலது கடைவாய்ப் பல் வலி.
கிராம்பு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க அரைமணி.
குருணை மூட்டைக்கு இருபது ரூபாய் இறங்கிவிட்டது.
மழை இல்லை."
பதினைந்து: "பல்."
பதினாறு: "பரவாயில்லை. மோர் மட்டும்."

மாதம் முழுக்கத் தேடினேன்.
அவள் பெயர் இல்லை.
அவள் சொன்னதில் ஒரு சொல் இல்லை.
நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.
அதுவும் இல்லை.

இப்போது கோப்பு என் கையில்.
தேதி பழையது, உள்ளே எதையும் தட்டலாம்.
சர்வர் சாகக் கிடக்கிறது,
ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை.
'மழை இல்லை'க்குப் பக்கத்தில்
கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு உள்ளபடியே சேமித்தேன்.
ஒன்று பென்டிரைவில்.
ஒன்று மில்லின் ஹார்ட் டிஸ்க்கில்,
லாரி வாடகைக் கணக்குக்குப் பக்கத்தில்.
இன்றைய நாளை எழுதப் போனால்
மறுபடி வெள்ளைத் திரை.
எடைச்சீட்டின் பின்பக்கம் தேதி மட்டும் எழுதிச்
சட்டைப்பையில் வைத்தேன்.

விடியும் நேரம் வீடு.
கதவைத் திறந்தவள்
தலையில் சாம்பலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.
"ராத்திரி பூரா என்ன?"
சொல்ல நிறைய இருந்தது.
"பல் வலி" என்றேன்.

விளக்கைக்கூடப் போடாமல் உள்ளே போய்க்
கிராம்பை எடுத்துவந்தாள்.